கலப்பு ஊடக ஸ்டில் லைஃப்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

பென்சில், கரி, மை, நீர்வண்ணம், பேஸ்டல், ஒட்டுத்தாள் என இரண்டு மூன்று ஊடகங்களை ஒரே ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள்களை அடுக்கி வரையும்) படத்தில் சேர்க்கும்போது நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வரையத் தெரியாததால் வருபவை அல்ல. எதன் மேல் எதை, எந்த நிலையில் வைத்தோம் என்பதால் வருபவை. கோளாறு கண்ணில் பட்டதும் அதன் மேல் இன்னோர் அடுக்கைப் பூசி மறைத்துவிடத் தோன்றும். அந்த ஆசையை அடக்குவதுதான் முதல் வேலை. கெட்டுப்போன அடுக்கு எது என்று தெரியாமல் வைக்கும் புதிய அடுக்கு, கோளாறை மூடுவதோடு அதைத் திருத்தும் வழியையும் சேர்த்து மூடிவிடுகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று செய்திகளைத் தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும். முதலாவது, தாளின் எடையும் அதன் சொரசொரப்பும். இரண்டாவது, படத்தில் உள்ள ஒவ்வோர் ஊடகத்திலும் நிறத்துகளைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் எது என்பது. நீர்வண்ணத்திலும் குவாஷிலும் (ஒளி ஊடுருவாத, கெட்டியான நீர்வண்ணம்) அது வேலம் பிசின். உலர்ந்த பிறகும் நீர் பட்டால் மறுபடி கரையும். கலர் பென்சிலில் மெழுகோ எண்ணெயோ இருக்கும். ஆயில் பேஸ்டலில் மெழுகும் உலராத எண்ணெயும் சேர்ந்திருக்கும். அக்ரிலிக்கில் உலர்ந்தபின் நீரில் கரையாத பிளாஸ்டிக் படலம் உருவாகும். வழக்கமான இந்தியன் இங்க்கில் அரக்கு அந்த வேலையைச் செய்கிறது. சாஃப்ட் பேஸ்டலில் மிகக் குறைந்த அளவு பிசின்தான் உண்டு. குச்சிக்கரியில் எதுவுமே இல்லை. தாளின் மேடுபள்ளங்களில் தூள் சிக்கி நிற்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது, அடியடுக்கு உண்மையிலேயே உலர்ந்துவிட்டதா என்பது. புறங்கையைத் தாளின் மேல் மெதுவாக வைத்துப் பாருங்கள். சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது.

இவற்றோடு, படம் வரைந்த அதே தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டு எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். கீழே சொல்லப்படும் எந்தத் திருத்தத்தையும், படத்தில் உள்ள அதே வரிசையில் அடுக்குகளை அந்தத் துண்டில் போட்டுப் பார்த்த பிறகே படத்தில் செய்ய வேண்டும். வேறு தாளில் செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது.

அறிகுறி: தாள் அலையலையாக எழும்பி, வண்ணம் பள்ளங்களில் தேங்குகிறது

நீர் பட்ட நார்கள் விரிகின்றன. ஈரம் படாத பகுதி விரிவதில்லை. அந்த இழுபறிதான் அலை. 90 முதல் 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள ஸ்கெட்ச் தாளில் ஒரு குவளையின் நிழலுக்கு ஈரப்பூச்சு கொடுத்தாலே இது நடக்கும். 300 ஜி.எஸ்.எம். நீர்வண்ணத் தாள் ஓரளவு தாங்கும், ஆனாலும் தாள் முழுவதும் நனையும்படி வேலை செய்வதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே நனைத்துப் பலகையில் நீட்டி, நாலு பக்கமும் நீரில் ஒட்டும் காகித நாடாவால் ஒட்டி உலர வைப்பது நல்லது. 640 ஜி.எஸ்.எம். தாளுக்கு அந்த வேலை தேவைப்படுவதில்லை.

ஏற்கெனவே அலையடித்த தாளைச் சரிசெய்ய, படத்தைக் கவிழ்த்து வைத்துப் பின்புறத்தை ஸ்பாஞ்சால் லேசாக, சீராக ஈரப்படுத்தி, இரண்டு சுத்தமான உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து, மேலே சமமான பலகையும் கனமும் ஏற்றி ஒரு நாள் விட்டுவிடலாம். முன்புறத்தில் கரி, பேஸ்டல், ஆயில் பேஸ்டல், நீரில் கரையும் மை இவற்றில் எது இருந்தாலும் இந்த முறை கூடாது; அது உறிஞ்சுதாளில் அப்படியே பதிந்து வந்துவிடும். ஆகவே படத்தில் நீர்வேலை முடிந்து, தாளைத் தட்டையாக்கிய பிறகே கரியும் பேஸ்டலும் உள்ளே வர வேண்டும். இந்த ஒரு வரிசையைக் கடைப்பிடித்தால், கீழே வரும் கோளாறுகளில் பாதி எழவே எழாது.

அறிகுறி: நீர்வண்ணம் ஒட்டாமல் முத்துமுத்தாக உருள்கிறது

எங்கே உருள்கிறது என்பதைக் கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். கலர் பென்சிலோ கிரேயானோ பட்ட இடத்தில் மட்டும் உருண்டால் மெழுகு நீரைத் தள்ளுகிறது. அழுத்தித் தேய்த்துப் பளபளக்கும் பென்சில் பரப்பில் உருண்டால் கிராஃபைட் அந்த வேலையைச் செய்கிறது. எதுவும் வரையாத வெற்றுத்தாளில், குறிப்பாகக் கை ஊன்றும் கீழ் வலது மூலையில் உருண்டால், அது உள்ளங்கையின் எண்ணெய்ப்பசை. உலர்ந்த அக்ரிலிக் படலத்தின் மேல் உருண்டால், அந்தப் படலம் நீரை உறிஞ்ச மறுக்கிறது என்று பொருள்.

எண்ணெய்ப்பசையால் வரும் கோளாறு எளிது: ஆக்ஸ் கால் (மாட்டுப் பித்தநீர்) திரவத்தில் ஒரு துளியைத் தூரிகை நீரில் சேர்த்தால் வண்ணம் பரவத் தொடங்கும், இனிமேல் கைக்கு அடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரைய வேண்டும். அக்ரிலிக் மேல் நீர்வண்ணம் வேண்டுமானால் சொரசொரப்பான ஜெஸ்ஸோவை (வண்ணம் பிடிக்க அடியில் பூசும் பூச்சு) மெல்லிதாகப் பூசி, அது உலர்ந்த பிறகு தொடரலாம். மெழுகால் வரும் கோளாறுக்கு மருந்தில்லை. மெழுகை முழுவதும் எடுப்பது தாளைக் கிழிப்பதில் முடியும். அதைவிட, அந்த விலகலைப் படத்தின் பகுதியாக ஆக்கிக்கொள்வது நல்லது. சிற்பி ஹென்றி மூர் 1940-41இல், போர்க்காலக் குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் பதுங்கிடங்களில் உறங்கிய மக்களை வரைந்தபோது மெழுகுக் கிரேயானால் ஒளிப்பகுதிகளைப் போட்டு, மேலே கரிய நீர்ப்பூச்சை ஓடவிட்டு, மெழுகு விலக்கிய இடங்களிலிருந்தே உருவங்களை எழுப்பினார். ஸ்டில் லைஃபில் இந்த உத்தி கடினமான தோலுள்ள பழத்துக்கும், மேற்பூச்சு உதிர்ந்த பழைய பானைக்கும், நெய்த துணியின் இழைக்கும் அழகாகப் பொருந்தும். கண்ணாடிக்குப் பொருந்தாது, கண்ணாடியின் ஒளி கூர்மையான விளிம்போடு நிற்கும், மெழுகின் விளிம்போ பொரிந்து நிற்கும்.

அறிகுறி: கரியோ பேஸ்டலோ பிடிக்காமல் வழுக்குகிறது

ஒரு புட்டியின் கரும்பகுதியைப் பென்சிலால் அழுத்திப் போட்டுவிட்டு, இருள் போதாததால் அதன் மேல் கரியைத் தேய்க்கிறோம். கரி கோடுகோடாகச் சறுக்கிச் செல்கிறது. சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் வெள்ளியாக மின்னுகிறது. கிராஃபைட் தட்டையான செதில்களாகத் தாளின் பள்ளங்களை நிரப்பி மெழுகிவிட்டது. கரித்தூள் சிக்கிக்கொள்ள மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஃபிக்ஸேடிவ் (தூளைத் தாளோடு கட்டும் தெளிப்புத் திரவம்) அடித்தாலும் மினுமினுப்பு முழுவதும் போவதில்லை.

திருத்தம் பொறுமை கேட்கும். பிசையும் அழிப்பானை அந்த இடத்தில் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுத்து, கிராஃபைட்டின் மேற்படலத்தைக் குறைக்க வேண்டும். பிறகு வொர்க்கபிள் ஃபிக்ஸேடிவை (மேலே தொடர்ந்து வரைய இடம் தரும் வகை) மெல்லிதாக ஒருமுறை அடித்து உலரவிட்டால், அது தரும் நுண்ணிய சொரசொரப்பில் அழுத்திச் செய்த கரிக்கட்டி பிடிக்கும். குச்சிக்கரி பிடிக்காமல் போகலாம். அதுவும் போதவில்லையென்றால், முழுப் பகுதியையும் ஃபிக்ஸேடிவால் நன்கு கட்டிவிட்டு, நிறமற்ற ஜெஸ்ஸோவை மெல்லிய ஒரு பூச்சாகக் கொடுக்கலாம். ஜெஸ்ஸோவை மென்மையான அகலத் தூரிகையால் ஒரே வீச்சில் பூசி விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்ப இழுத்தால் அடியிலுள்ள கரி கிளம்பி எல்லாம் சாம்பலாகும்.

அடுத்த படத்தில் வரிசையை மாற்றுங்கள். மிக இருண்ட பகுதிகளை முதலிலேயே கரிக்கு ஒதுக்கிவிட்டு, பென்சிலை வெளிறிய, கூர்மை தேவைப்படும் இடங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கிராஃபைட்டால் உண்மையான கருமை வராது என்பதை ஏற்றுக்கொண்டால் அழுத்தித் தேய்க்க வேண்டிய தேவையே எழாது.

பேஸ்டலில் வழுக்கல் வேறு காரணத்தால் வருகிறது: அடுக்கு மேல் அடுக்காகப் போட்டதில் தாளின் சொரசொரப்பு தூளால் நிரம்பிவிடுகிறது. அங்கே விறைப்பான முடியுள்ள உலர்ந்த தூரிகையால் தூளைத் தட்டி இறக்கி, ஃபிக்ஸேடிவ் கொடுத்து, புதிய அடுக்கை வைக்கலாம். பிரெஞ்சு ஓவியர் டெகா தம் பேஸ்டல் படங்களில் இப்படி அடுக்குகளுக்கு இடையே ஃபிக்ஸேடிவ் இட்டே அவ்வளவு அடர்த்தியைக் கொண்டுவந்தார்.

அறிகுறி: மைக்கோடு கரைந்து வண்ணத்தோடு ஓடுகிறது

புட்டியில் நீர் புகாது என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சோதனைத் துண்டில் தடித்த கோடு ஒன்றும் மெல்லிய கோடு ஒன்றும் போட்டு, மறுநாள் ஈரத்தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். மெல்லிய கோடு நின்று தடித்த கோடு மட்டும் கலங்கினால் மையில் குறையில்லை, உலரும் நேரம்தான் போதவில்லை. இரண்டும் கலங்கினால் அது சாயத்தால் ஆன மை. அதை நீர்வேலை முடிந்த பிறகு மட்டுமே பயன்படுத்த வேண்டும். கோடு கரையாமல் சிலந்திக்கால்போல் பக்கவாட்டில் கசிந்தால், குறை மையில் இல்லை. மை ஊறாமல் தடுக்கும் தாளின் பசைப்பூச்சு கெட்டிருக்கிறது, அல்லது அழிப்பானால் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் அது போய்விட்டது. ஏற்கெனவே ஓடிவிட்ட மையை உடனே உறிஞ்சுதாளால் ஒற்றி எடுப்பதைத் தவிர வேறு வழி குறைவு. எஞ்சிய கறையை விழும் நிழலுக்குள் இழுத்துச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். பல நேரங்களில் முடியும்.

அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் நிரப்பக் கூடாது, உலர்ந்து அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப்பும் தூரிகையும் அதற்கு உரியவை.

அறிகுறி: நிறங்கள் சேறாகிவிட்டன

கலப்பு ஊடகத்தில் அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். ஆனால் சேறு என்று நாம் சொல்வது ஒரே கோளாறு அல்ல. படத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அந்த இடத்தை உற்றுப் பாருங்கள். நிறமே இல்லாத செத்த சாம்பலாக இருந்தால் கரியோ கிராஃபைட்டோ கட்டப்படாமல் வண்ணத்தில் கலந்திருக்கிறது. பழுப்பாகவோ கறுத்த பச்சையாகவோ இருந்தால் எதிர்நிறங்கள் ஒன்றையொன்று கொன்றிருக்கின்றன. நிறம் சரியாக இருந்தும் விளிம்புகளெல்லாம் கரைந்து மங்கியிருந்தால், உலர்ந்த நீர்வண்ணத்தையோ குவாஷையோ ஈரத்தூரிகை மறுபடி கிளப்பிவிட்டிருக்கிறது.

வெள்ளைத் துணியில் கிடக்கும் ஓர் எலுமிச்சையை எடுத்துக்கொள்வோம். அதன் நிழற்பக்கத்தைக் குச்சிக்கரியால் போட்டு, மேலே மஞ்சள் நீர்வண்ணம் பூசினால், பழம் நிழலில் இருப்பதாகத் தோன்றாது, அழுகிப்போனதாகத் தோன்றும். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால், மற்ற நிறங்களைப்போல் சாம்பலாகாமல், ஆலிவ் பச்சைதான் வரும் என்பதால், எவ்வளவு தேர்ந்த கை பூசினாலும் இதுவே நடக்கும். அந்த நிழற்பக்கத்துக்குக் கரி தேவையே இல்லை. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை நீர்த்து, அதில் மிகச் சிறிது ஊதா கலந்து ஒரு பூச்சுக் கொடுத்து, முழுவதும் உலரவிட்டு, மஞ்சளை மேலே ஒரே வீச்சில் இழுத்து, பிறகு கலர் பென்சிலால் குறுக்குக்கோடுகள் போட்டால் நிழல் ஆழமாகவும் சூடாகவும் நிற்கும். அருகே நிற்கும் கறுப்புப் புட்டிக்குக் கரியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். புட்டியின் இருளும் பழத்தின் நிழலும் ஒரே பொருளால் ஆகாதபோது இரண்டுமே உயிர்பெறும்.

சேறாகிவிட்ட இடத்தைத் திருத்த, முதலில் உலர்ந்த நிலையிலேயே தூளை எடுக்க வேண்டும். பிசையும் அழிப்பானால் ஒற்றி, தூள் வருவது நின்ற பிறகே ஈரத்தைக் கொண்டுவர வேண்டும். அடுத்து, சுத்தமான ஈரத்தூரிகையால் அந்த வடிவத்தின் எல்லைக்குள் மட்டும் நனைத்து, சில நொடிகள் விட்டு, உறிஞ்சுதாளை அழுத்தி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. தாளில் சிறு சிறு நார் உருண்டைகள் எழத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் தாள் தாங்காது. உலர்ந்த பிறகு ஒரு மெல்லிய ஃபிக்ஸேடிவ், அதன் மேல் ஒன்றோடொன்று கலக்காத சிறு சிறு தீற்றல்களாகப் புதிய நிறம். தாள் நார் எழும்பி வீணாகியிருந்தால், அந்த வடிவத்தை வேறொரு தாளில் வரைந்து வெட்டி ஒட்டுவது முற்றிலும் நேர்மையான திருத்தம். கலப்பு ஊடகத்தில் வேலை செய்வதன் பெரிய வசதிகளில் அதுவும் ஒன்று, அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

அறிகுறி: மேல் அடுக்கு தோலாக உரிகிறது

ஆயில் பேஸ்டலின் மேல் அக்ரிலிக் பூசியிருக்கிறீர்கள். சென்னலியே நிறுவனம் 1949இல் பிக்காசோவின் தேவைக்காக உருவாக்கிய ஆயில் பேஸ்டல், ஏறத்தாழ எந்தப் பரப்பிலும் ஒட்டக்கூடியது. ஆனால் அதிலுள்ள எண்ணெய் உலர்வதே இல்லை என்பதால், அதன் மேல் நீரில் கலக்கும் எதுவும் நிலையாக ஒட்டாது. பூசிய அன்று நன்றாகத்தான் இருக்கும், நகம் பட்டதும் கழன்று வரும். கழன்ற படலத்தை முழுவதும் உரித்து எடுத்துவிடுவதைத் தவிர இதற்கு மருந்தில்லை. பசை கொடுத்து ஒட்ட முயல்வது வீண். அக்ரிலிக்கை அடியிலும் ஆயில் பேஸ்டலை உச்சியிலும் வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும். அதே காரணத்தால் ஆயில் பேஸ்டலை எப்போதும் கடைசி அடுக்காகவே கருத வேண்டும்.

அறிகுறி: குவாஷ் வெடித்து உதிர்கிறது

தடிமனாகப் பூசியிருக்கிறீர்கள், தாள் வளைந்திருக்கிறது. தளர்ந்த சில்லுகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, மெல்லிய பூச்சாகத் திரும்பக் கொடுத்து, தாளைக் கெட்டியான அட்டையில் ஒட்டிவிடுங்கள்.

அறிகுறி: ஒட்டிய தாள் குமிழ்விடுகிறது அல்லது மஞ்சளாகிறது

குமிழுக்குக் காரணம், பசையின் ஈரத்தில் ஒட்டுத்தாள் விரிந்த வேகத்தில் அடித்தாள் விரியாதது. ஒட்டும் துண்டின் பின்புறத்தில் முதலில் லேசாக நீர் தடவி, அது விரிந்து அடங்கும்வரை காத்திருந்து, பிறகு இரண்டு பரப்பிலும் பசையை மெல்லிதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே ஒட்டினால் குமிழ் வராது. மேலே மெழுகுத்தாளும் கனமும் வைத்து உலரவிட வேண்டும். வந்துவிட்ட குமிழைக் கூர்மையான கத்தியால் ஒரே கீறாகக் கீறி, தூரிகை நுனியால் உள்ளே பசையைச் செலுத்தி அழுத்தினால் கீறல் கண்ணுக்குத் தெரியாது.

மஞ்சள் வேறு வகைப் பிரச்சினை. செய்தித்தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியிலும் காற்றிலும் பழுப்பேறும். பிக்காசோ 1912இல் தொடங்கி ஒட்டிய செய்தித்தாள் துண்டுகளும் இன்று பழுப்பாகவே இருக்கின்றன. எழுத்து வரிகளின் தோற்றம் வேண்டுமென்றால், அமிலமற்ற தாளில் லேசர் அச்சுப் பிரதி எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் பிரதி பசையின் ஈரத்திலேயே கசியக்கூடும். ரப்பர் பசையும் காலப்போக்கில் தானே மஞ்சளாகி ஒட்டும் தன்மையை இழந்துவிடும். அக்ரிலிக் மேட் மீடியம் அல்லது நல்ல பி.வி.ஏ. பசை நம்பகமானது.

அறிகுறி: வெள்ளை ஒளிப்புள்ளி சாம்பலாகவோ நீலமாகவோ தெரிகிறது

சாம்பலானால் அடியிலுள்ள கரி அல்லது கிராஃபைட் தூரிகையில் ஏறியிருக்கிறது. நீலச்சாயல் தெரிந்தால் வெள்ளை மெல்லிதாகப் படிந்திருக்கிறது. கருநிறத்தின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் எப்போதும் குளிர்ந்த நீலமாகவே தோன்றும். சைனீஸ் ஒயிட் என்ற துத்தநாக வெள்ளை சற்று ஒளி ஊடுருவக்கூடியது. ஒளிப்புள்ளிக்கு டைட்டானியம் வெள்ளை குவாஷைக் குழாயிலிருந்து எடுத்த கெட்டி நிலையிலேயே வைக்க வேண்டும். அடியிலுள்ள தூளை அந்தப் புள்ளியளவுக்கு அழித்து, ஃபிக்ஸேடிவ் இட்டு, நிறைய வண்ணம் ஏற்றிய கூர்நுனித் தூரிகையால் ஒருமுறை தொட்டு எடுத்துவிடுங்கள். இரண்டாவது முறை தொட்டால் அடியடுக்கு மேலே வரும்.

கண்ணாடிக் குவளையின் பெரிய ஒளிப்பட்டைகளுக்குப் பூசிய வெள்ளையைவிடத் தாளின் வெள்ளையே மேலானது. அதைக் காப்பாற்ற மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படாமல் மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) இடுவதாக இருந்தால் நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். வெப்பத்தில் இறுகி, எடுக்கும்போது தாளின் மேற்பரப்பையும் உரித்துக்கொண்டு வரும்.

அறிகுறி: ஒரே தாளில் இரண்டு படங்கள் இருப்பதுபோல் தோன்றுகிறது

எந்த அடுக்கும் கெடவில்லை, எல்லாம் உறுதியாக ஒட்டியிருக்கின்றன, ஆனாலும் மையால் வரைந்த குவளை ஒரு படத்திலும் பேஸ்டலால் வரைந்த பழங்கள் வேறொரு படத்திலும் இருப்பதுபோல் தெரிகிறது. வேதியியல் கோளாறுகளைவிட இது கடினமானது, இதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் டோனை, அதாவது இருள்-வெளிச்ச அளவைச் சோதியுங்கள். கண்ணை இடுக்கிப் பாருங்கள், அல்லது படத்தைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படமாக எடுத்துப் பாருங்கள். இந்தியன் இங்க்கின் கருமையை அழுத்திச் செய்த கரிக்கட்டி ஏறக்குறைய எட்டும். குச்சிக்கரி அதைவிடச் சற்று வெளிறி நிற்கும். கிராஃபைட் நடுச்சாம்பலைத் தாண்டியதும் மினுங்கத் தொடங்கும். ஆகவே மையால் போட்ட நிழலுக்கு அருகில் பென்சிலால் போட்ட நிழல், எவ்வளவு உழைத்திருந்தாலும், வெளிச்சத்தில் இருப்பதாகவே தெரியும். இரண்டு பொருள்களின் மேலும் ஒரே விளக்கு விழுகிறது என்று பார்ப்பவர் நம்ப வேண்டுமானால், இருவகை ஊடகத்திலும் மிக இருண்ட இடத்துக்கு ஒரே பொருளைப் பயன்படுத்த வேண்டும். பழங்கள் மேசையைத் தொடும் இடத்திலுள்ள ஒடுங்கிய நிழற்கோட்டை, குவளைக்குப் பயன்படுத்திய அதே மையால் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஒரு மாற்றமே படத்தை இணைத்துவிடும்.

அது போதாதபோது, ஊடகம் பொருள்களின் எல்லையோடு நின்றுவிட்டதா என்று பாருங்கள். ஒரு பொருளுக்கு ஓர் ஊடகம் என்று பங்கு பிரித்ததால்தான் பல படங்கள் உடைகின்றன. ஊடகம் பொருளுக்குச் சொந்தமல்ல, பரப்புக்குச் சொந்தம். பளபளப்பான உலோகப் பாத்திரத்தில் இருளும் ஒளியும் இடைநிலை இல்லாமல் மோதுகின்றன, ஆகவே அங்கே மையும் வெள்ளைக் குவாஷும் பேசும். சுட்ட மண்பாத்திரம் ஒளியை உறிஞ்சுகிறது, ஆகவே பேஸ்டலின் தூசுப்பரப்பு அதற்கு இயல்பாகப் பொருந்தும். துணியின் மடிப்பில் கரிக்கட்டியைப் படுக்கவைத்து இழுக்கலாம். ஆனால் பாத்திரத்தின் நிழல் துணியின் மேல் விழும் இடத்தில் மையும் கரியும் எல்லை கடந்து ஒன்றுக்குள் ஒன்று போக வேண்டும். பேஸ்டலின் செம்மண் நிறம் உலோகத்தின் வயிற்றில் பிரதிபலிப்பாக ஒரு தீற்றலாவது வர வேண்டும். எந்த ஊடகமும் படத்தில் ஒரே இடத்தில் மட்டும் தனித்து நிற்கக் கூடாது. அளவில் வேறுபட்டுக் குறைந்தது மூன்று இடங்களில் தென்பட்டால் கண் அவற்றைத் தொடுத்துக்கொள்ளும்.

ஒட்டுத்தாளுக்கும் இதே அளவுகோல்தான். பிரெஞ்சு ஓவியர் ப்ராக் 1912இல் மரக்கோடுகள் அச்சிட்ட சுவர்த்தாளைப் பழத்தட்டும் குவளையும் உள்ள ஒரு கரி ஓவியத்தில் ஒட்டினார். அந்தத் தாள் அலங்காரமாக வரவில்லை, மேசையின் மரமாகவும் பின்சுவரின் மரப்பலகையாகவும் பொறுப்பேற்று நின்றது, கரிக்கோடுகள் அதன் மேலும் ஓடின. ஒட்டிய துண்டை எடுத்துவிட்டால் படத்தில் ஒரு பொருளோ ஒரு பரப்போ காணாமல் போகிறதா என்று கேளுங்கள். எதுவும் போகவில்லையென்றால் அந்தத் துண்டு அங்கே இருக்க வேண்டியதில்லை.

அறிகுறி: நடுவில் நிழல் இடம் மாறிவிட்டது

அடுக்குகள் உலரக் காத்திருக்கும் நேரத்தில் சன்னல் வெளிச்சம் நகர்ந்துவிடுகிறது. நிலையான ஒரு விளக்கை ஒரே பக்கத்தில் வைத்து, பொருள்களின் அடித்தடத்தையும் நிழலின் எல்லையையும் மேசையில் சுண்ணக்கட்டியால் குறித்துவிட வேண்டும். வாடும் பூவையும் வெட்டிய பழத்தையும் முதல் அமர்விலேயே முடித்துவிட்டு, புட்டியையும் பாத்திரத்தையும் பின்னால் வைத்துக்கொள்வது முறை.

அறிகுறி: ஃபிக்ஸேடிவ் அடித்ததும் படம் இருண்டுவிட்டது

பேஸ்டலின் வெளிறிய நிறங்களில்தான் இது அதிகம் தெரியும். தூள் துகள்களுக்கு இடையே இருந்த காற்றை ஃபிக்ஸேடிவ் நிரப்புவதால் ஒளிச்சிதறல் குறைகிறது, நிறம் ஆழ்கிறது. மிக அருகில் இருந்து, ஒரே முறையில் நனையும்படி அடித்தால் இந்த விளைவு பல மடங்காகும், கூடவே துளிப்புள்ளிகளும் விழும். சுமார் 30 செ.மீ. தொலைவில் இருந்து, தாளின் ஓரத்துக்கு வெளியே தொடங்கி மறு ஓரத்துக்கு வெளியே முடியும்படி வீசி, பல மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகு, காற்றோட்டமுள்ள இடத்தில் அடிக்க வேண்டும். இருண்டுவிட்ட படத்தில் ஒளிப்பகுதிகளை மட்டும் மறுபடி பேஸ்டலால் தொட்டு, அதன் மேல் மறுபடியும் அடிக்காமல் விட்டுவிடுங்கள். கடைசி வெளிச்சங்களைக் கட்டாமல் விடுவதில் தவறில்லை.

அறிகுறி: சில மாதங்களில் ஒரு நிறம் மட்டும் காணாமல் போகிறது

சாயத்தால் ஆன மார்க்கர்களும் பளீரென்ற இளஞ்சிவப்பு மைகளும் இதில் முன்னணியில் நிற்பவை. வான்கோ 1890இல் வரைந்த ரோஜாக்களில் இளஞ்சிவப்பு பெரும்பாலும் மறைந்து இன்று வெள்ளையாகத் தெரிவதற்கு, அவர் பயன்படுத்திய சிவப்புச் சாய வண்ணம் ஒளியைத் தாங்காததே காரணம். குழாயிலோ பெட்டியிலோ ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் ஒளித்தாங்கு தரம் ஒன்று அல்லது இரண்டு என்று குறிக்கப்பட்டவற்றைத் தேர்ந்தெடுங்கள். பெர்மனென்ட் மார்க்கர் இதற்கு நேர்மாறான தொல்லையையும் தரும்: மேலே பூசிய அக்ரிலிக் வெள்ளையின் வழியாக அதன் சாயம் மெல்ல மேலேறி வரும். அடிக்கோடுகளுக்கு அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

அறிகுறி: சட்டமிட்ட பிறகு கண்ணாடியின் உட்புறம் தூள் படிகிறது

படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போட்டிருக்கிறார்கள். அக்ரிலிக் தகட்டில் சேரும் நிலைமின்சாரம் கரியையும் பேஸ்டலையும் தாளிலிருந்து இழுத்துக்கொள்ளும். உண்மையான கண்ணாடியைப் போடச் சொல்லி, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமற்ற மவுண்ட் அட்டையோ ஸ்பேசர் பட்டையோ வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஒட்டுத்தாள் தடிப்பாக உள்ள படத்துக்கு அந்த இடைவெளி ஒட்டின் உயரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சட்டமிடும்வரை படத்தின் மேல் கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாளை வைத்து, தட்டையாக, மேலே கனம் ஏற்றாமல் வைத்திருங்கள்.